பிலோமினாளின் கணவன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் மனைவி சாகவில்லை. எனக்கு மனைவி என்று ஒருத்தி இருந்ததே இல்லை. தாம்பரத்தில் இதை நான் யாரிடமும் சொல்லக் கூடாது என்று உத்தரவு. அதனால் இந்த நோட்டில் எழுதுகிறேன். எழுதப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன், மறுபடியும் பேனாவைத்தான் தூக்குகிறேன். இந்தப் புத்திக்கு என்ன மருந்து என்று தெரியவில்லை.

என் பெயர் ஏசுபாதம். ஊர் திண்டுக்கல் பக்கம். சைதாப்பேட்டையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. 1970-ல் மாற்றலாகி வந்து சிட்லபாக்கத்தில் ஏரிப் பக்கமாக ஓர் அறை எடுத்தேன். அப்போது வயது முப்பத்தைந்து. மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்து பார்த்தபோது, எனக்குப் பெண் பார்க்க வீட்டில் ஆள் மிச்சமில்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தங்கைகளுக்கோ அவரவர் பிள்ளைகளின் மூக்கைத் துடைக்கவே நேரம் போதவில்லை. சிட்லபாக்கத்து வீட்டுக்காரி புஷ்பம்மா தனி ஆளுக்கு அறை விடவே யோசித்தாள். எட்டு மணிக்கு மேல் ரேடியோ கூடாது, சிநேகிதர்கள் வரக் கூடாது, மொட்டை மாடிக்கு ஏறக் கூடாது என்று ஏகப்பட்ட கூடாது சொல்லித்தான் சாவியைக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளை எப்படித் தள்ளுவது என்று தெரியாமல்தான் வாசகர் வட்டத்துக்குப் போனேன். கிழக்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில், தட்சிணாமூர்த்தி சாரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு நாலு மணிக்கு அந்த மாடியில் கூட்டம். முதல் ஒரு மணி நேரம் உள்ளூர் எழுத்தாளர் ஒருவர் படிப்பார். உள்ளூர் என்றால் பல்லாவரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை. அதற்குள் எழுத்தாளர் தீர்ந்துபோனால் செங்கல்பட்டிலிருந்து இரவல் வாங்குவார்கள். அப்புறம் பொது மைக். யார் வேண்டுமானாலும் எழுந்து ஐந்து நிமிஷம் படிக்கலாம். கேட்கிறவர்கள் உறை போட்டு மூடிய டைப்ரைட்டர்களுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சிலருக்குக் கை சும்மா இராது, உறைக்கு மேலேயே தட்டிப் பார்ப்பார்கள்.

மைக் சிட்டிபாபுவுடையது. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். எங்களிடம் வாடகை வாங்க மாட்டான். அதற்குப் பதிலாகப் பொது மைக்கில் முதல் ஆளாக அவன் கவிதைதான் படிக்கப்பட வேண்டும். நாற்பது பேர் உட்காருகிற அறைக்கு மைக் எதற்கப்பா என்று ஒரு தடவை கேட்டேன்.

"மைக்கு இல்லாங்காட்டி அது சும்மா பேச்சு சார். மைக்கு கீதுன்னாத்தான் இலக்கியம்" என்றான்.

வட்டத்துக்கு ஒரு சட்டமும் உண்டு. முன்னுரை கூடாது. வருகிறவர் பெயரைச் சொல்லிவிட்டு நேராகப் படிக்க வேண்டும், படித்துவிட்டு நேராகப் போய் உட்கார வேண்டும். தேவானந்தம் என்று ஒரு ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர், எட்டு வரிக் கவிதைக்கு இருபத்திரண்டு நிமிஷம் முன்னுரை சொன்ன நாளிலிருந்து இந்தச் சட்டமாம். மேஜையில் ஒரு மணி இருக்கும். ஒரு வார்த்தை அதிகமாகப் பேசினாலும் தட்சிணாமூர்த்தி சார் அதைத் தட்டுவார்.

நான் முதல் தடவை படித்தது 1971 ஜனவரியில். சின்னக் கதை. ஒருவன் தன் கதையைத் தானே சொல்கிற மாதிரி எழுதியிருந்தேன். அவன் மனைவி பெயர் பிலோமினாள். அவனுடைய சைக்கிள் பம்ப்பை அவள் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்துவிடுகிறாள். பம்ப் திரும்பி வரவில்லை. அந்தக் கோபத்தில் அவன் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் அவளுக்கு ஜுரம். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போகிறாள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் பம்ப் இருக்கிறது. இதில் பம்ப் மட்டும்தான் நிஜம். என் பம்ப்பைப் புஷ்பம்மாவின் தம்பி வாங்கிக்கொண்டு போய் இன்றுவரை தரவில்லை. அந்த எரிச்சலில் எழுதியதுதான் அத்தனையும்.

படித்து முடித்தேன். ஒருவரும் கை தட்டவில்லை. சரி, சொதப்பிவிட்டோம் என்று நினைத்துத் தலையைத் தூக்கினால் தேவானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார். பின்வரிசையில் யாரோ பெண்பிள்ளை விசும்புகிறாள். தட்சிணாமூர்த்தி சார் மணியை மறந்துவிட்டு எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மனசுல இவ்வளவு பெரிய பாரத்த வெச்சிக்கிட்டா இத்தனை நாளா பின்னாடி உக்காந்திருந்தீங்க" என்றார்.

சிட்டிபாபு மைக்கை மடக்கிக்கொண்டே, "ஒரு பம்ப்புக்காவா சார் அந்தம்மாகிட்ட பேசாம இருந்தே? இன்னா மனுஷன் சார் நீ" என்று சொல்லிவிட்டு அவனும் அழுதான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். 'ஐயா, இது கதை.' மூன்றே வார்த்தை. முன்னுரைதானே கூடாது, முகத்துக்கு நேரே சொல்ல எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் நாற்பது பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கும்போது, நான் சும்மா விட்ட சரடு என்று எந்த முகத்தோடு சொல்வது? அதுவும் பாதிதான் உண்மை. எனக்கு அது பிடித்திருந்தது. ஊரை விட்டு வந்த பிறகு என் கையை ஒருவர் பிடித்தது அன்றைக்குத்தான்.

விஷயம் எனக்கு முன்னால் சிட்லபாக்கம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் புஷ்பம்மா மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். ரேடியோவுக்கு ஒன்பது மணி வரை அனுமதி வந்தது. "தனி ஆளுன்னு தப்பா நெனச்சிட்டேன் தம்பி" என்றாள். தனி ஆள்தான் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன், குழம்பு வாசனையாக இருந்தது.

அடுத்த மாதம் சிட்லபாக்கம் ஏரியில் மழை பெய்வதைப் பற்றி ஒன்று எழுதிக்கொண்டு போய்ப் படித்தேன். நிஜமாகவே நல்ல எழுத்து. ஒருத்தரும் அசையவில்லை. தட்சிணாமூர்த்தி சார் என்னை ஓரமாக அழைத்துப் போய், "ஏரி எங்க எல்லாருக்கும் தெரியும் ஏசுபாதம். நீங்க பிலோமினாளம்மாவப் பத்தியே படிங்க. உங்களுக்கும் மனசு ஆறும்" என்றார். ஆக, மாதாமாதம் பிலோமினாள். அவளுக்கு இடது கைப் பழக்கம் வந்தது, பல்லி என்றால் பயம் வந்தது, வேர்க்கடலையைத் தோலோடு தின்கிற பழக்கம் வந்தது. என் தங்கைகளைப் பற்றிக்கூட எனக்கு இத்தனை தெரியாது.

அருள்மேரி டீச்சர் வட்டத்துக்கு வர ஆரம்பித்தது அந்த மார்ச்சில். குரோம்பேட்டையில் ஓர் ஆரம்பப் பள்ளியில் வேலை. முப்பது வயதிருக்கும். கணவன் இறந்து நாலு வருஷம், மேற்குத் தாம்பரத்தில் அண்ணன் ரத்தினத்தின் வீட்டில் இருந்தாள். அவள் எதுவும் படிக்க மாட்டாள். மூன்றாவது வரிசையில், ஜன்னலோரத்து மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து, நான் படிக்கும்போது மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கேட்பாள். கூட்டம் முடிந்ததும் ஸ்டேஷன் பாலம் வரை சேர்ந்து நடப்போம். நான் அவளை டீச்சர் என்பேன், அவள் என்னை சார் என்பாள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பையன் சிலேட்டைக் கடித்தான் என்று சொல்லிக்கொண்டே வருவாள். அந்தப் பத்து நிமிஷத்துக்காக மாதம் முழுக்கக் காத்திருக்கிற நிலைக்கு வந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவள்மேல் எனக்கு உயிர்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். எங்கள் சபையில் அன்றைக்கு எல்லோரும் கல்லறைக்குப் போய்ச் செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றிச் செபம் சொல்வார்கள். டீச்சர் துணைக்கு வரச் சொன்னாள். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அவள் கணவன் கல்லறையைக் கழுவித் துடைத்து, சாமந்திப் பூ வைத்து, ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். பிறகு பையிலிருந்து இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்திலேயே நட்டாள்.

"இது பிலோமினாக்காவுக்கு" என்றாள். "அவங்கள எங்க சார் அடக்கம் பண்ணீங்க?"

அதுவரை நான் வாயால் பொய் சொன்னதில்லை. எழுதிப் படித்தேன், மற்றவர்கள் நம்பினார்கள், நான் சும்மா இருந்தேன். அவ்வளவுதான் என் குற்றம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஊர்ல. எங்க கோயில் கல்லறையில" என்றேன்.

அவள் இரண்டு சுடரையும் காற்றுப் படாமல் கையால் மறைத்தாள். பிறகு தலையைத் திருப்பாமலே பேசினாள்.

"நீங்க மூணு நாள் பேசலன்னு அத்தனை பேர் முன்னாடி தைரியமாச் சொன்னீங்களாமே சார். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. இவரு குடிப்பாரு, அடிப்பாரு. அது தெருவுக்கே தெரியும். தெரியாத ஒண்ணு இருக்கு. அன்னிக்குக் காலையில அடிச்சிட்டு வெளிய போனாரு. நான் கதவச் சாத்திட்டு மாதா படத்துக்கு முன்னாடி முட்டி போட்டேன். இந்த ஆளு திரும்பி வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். சாயங்காலம் போலீஸ்காரர் வந்தாரு, குரோம்பேட்டை கேட்டுல ரயில் அடிச்சிடுச்சுன்னு. எனக்கு அழுகை வரல சார். முதல்ல நிம்மதியா இருந்துச்சு. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துலகூட இத நான் சொன்னதில்ல."

அவள் நிஜக் காயத்தைத் திறந்து காட்டுகிறாள், நான் சைக்கிள் பம்ப்பை வைத்துக்கொண்டு எதிரில் நிற்கிறேன். பக்கத்தில் யாரோ செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "விடுங்க டீச்சர், கடவுளுக்குத் தெரியும்" என்றேன். அவள் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்துத்தான் நான் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் கோயிலில் தன் கணவனுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கும்போது பிலோமினாள் பெயரையும் சேர்த்துக் கொடுத்தாள். பீடத்தில் நின்று சாமியார் அந்தப் பெயரை வாசிக்கும்போதெல்லாம் செபப் புத்தகத்தில் பக்கம் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன்.

அடுத்த ஜூலையில் தட்சிணாமூர்த்தி சாரே ரத்தினத்திடம் பேச்செடுத்தார். துக்கப்பட்ட இரண்டு பேர் சேர்ந்தால் நல்லதுதானே என்றாராம். ரத்தினத்துக்குச் சந்தோஷம். டீச்சரிடம் கேட்டார்கள். "சாரா இருந்தா சரி" என்று சொன்னாளாம். அந்த மூன்று வார்த்தையைக் கேட்ட அன்று நான் சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன்.

கல்யாணம் என்றால் எங்கள் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பூசை நடுவில் சாமியார் மாப்பிள்ளை யார், பெண் யார், முதல் கல்யாணமா, துணையை இழந்தவர்களா என்று சபைக்கு முன்னால் படிப்பார். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். வெளியூர்க்காரன் என்றால் சொந்த ஊர்க் கோயிலிலிருந்து கடிதம் வேண்டும்.

தாம்பரத்துச் சாமியார் என்னைத் தோளில் தட்டி, "ஒண்ணும் அவசரமில்ல. முதல் சம்சாரத்தோட கல்யாணம், மரணம் ரெண்டையும் குறிச்சு உங்க ஊர்ச் சாமியார்கிட்ட ஒரு கடிதாசி வாங்கிடுங்க. வந்ததும் ஓலை வாசிச்சிடலாம்" என்றார்.

அங்கேதான் பொறி மூடியது. ஊர்ச் சாமியாருக்கு நான் பொடியனாகப் பீடத்தில் மணி அடித்ததிலிருந்து எல்லாம் தெரியும். அவர் என்ன எழுதுவார்? உள்ளதைத்தான் எழுதுவார். கடிதம் இல்லாமல் கல்யாணம் இல்லை, கடிதம் வந்தால் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். மூன்று வாரம் தள்ளிப் போட்டேன். ரத்தினம் தினம் விசாரிக்க ஆரம்பித்ததும் வேறு வழியில்லாமல், தாம்பரத்துச் சாமியார் கேட்டதை அப்படியே ஊருக்கு எழுதிப் போட்டேன். பதில் வருவதற்குள் நானே அவளிடம் சொல்லிவிட வேண்டும். கோபிப்பாள், திட்டுவாள், பிறகு ஒரு நாள் மன்னித்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

மூன்று தடவை முயன்றேன். ரயிலில் சொல்லப் போனேன், எதிர் சீட்டில் தேவானந்தம் வந்து உட்கார்ந்தார். ரத்தினம் வீட்டில் சொல்லப் போனேன், அவன் மனைவி சரசு காப்பியோடு வந்தவள் நகரவே இல்லை. பள்ளி வாசலில் சொல்லப் போனேன். அங்கே யாரும் இல்லை. அவளே முந்திக்கொண்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் பிலோமினாக்கா போட்டோ ஒண்ணு வீட்ல மாட்டணும் சார், உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடி வந்துவிட்டேன்.

நேரில் பேச வராதவனுக்கு ஒரே வழி, எழுதிப் படிப்பது. செப்டம்பர் இரண்டாவது ஞாயிறு பொது மைக்கில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து எழுதினேன். நாலு வரியில் எழுதியிருந்தால் பிழைத்திருப்பேன். எழுத எழுத நன்றாக வந்துவிட்டது. நன்றாக வருவதை அடித்துப் போட எனக்கு மனசு வரவில்லை. அங்கேயும் அந்த எழுத்தாளன் புத்திதான்.

அன்றைக்கு உள்ளூர் எழுத்தாளராகப் பல்லாவரத்திலிருந்து அப்பாதுரை வந்திருந்தார். பத்திரிகைகளில் தொடர்கதை எழுதுகிறவர், எங்கள் வட்டத்தில் பெரிய கை. அவர் படித்து முடித்தார். சிட்டிபாபு தன் கவிதையைப் படித்தான். அடுத்து நான்.

"ஏசுபாதம். இது கதை அல்ல. பிலோமினாள் என்று எனக்கு ஒரு மனைவி இருந்ததில்லை. அவள் இடது கையால் கோலம் போட்டதில்லை, அவளுக்குக் கையே இருந்ததில்லை. நான் மூன்று நாள் அவளோடு பேசாமல் இருக்கவில்லை, முப்பத்தேழு வருஷமும் பேசவில்லை. அவள் கல்லறை என் ஊரில் இல்லை, எந்த ஊரிலும் இல்லை. உங்கள் கண்ணீரை நான் திருடினேன்." இப்படி இரண்டு பக்கம். கடைசி வரி: "நான் மனைவியை இழந்தவன் அல்ல. இன்னும் ஒருத்தியைக் கண்டடையாதவன்."

முடித்துவிட்டு மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். டீச்சர் தலையைக் குனிந்திருந்தாள். சரி, இனி கல் வந்தாலும் செருப்பு வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

கைதட்டல் வந்தது. மாடி அதிர்கிற கைதட்டல். அப்பாதுரை எழுந்து நின்றுவிட்டார்.

"இதுதாங்க இலக்கியம்" என்றார். "'இது கதை அல்ல'ன்னு ஆரம்பிச்சாரு பாருங்க, என்ன உத்தி. துக்கம் எல்லை மீறிப்போனா, மனசு அந்த ஆளே இல்லன்னு சொல்லிப் பாத்துக்கும். அதப் போயி இப்படிப் பிடிச்சிருக்காரு. நான் பத்து வருஷமா எழுதறேன், எனக்கு இது வராது."

நான் மறுபடி மைக்கைப் பிடித்தேன். "ஐயா, நிஜமாகவே இல்லை. நான் கல்யாணமே ஆகாதவன். சத்தியமாகச் சொல்கிறேன்."

தேவானந்தம் இன்னும் பலமாக அழ ஆரம்பித்தார். தட்சிணாமூர்த்தி சார் மணியைத் தட்டி, "போதும் ஏசுபாதம், போதும். உடம்புக்கு ஆகாது" என்றார். சிட்டிபாபு மைக்கை அணைத்துவிட்டு, என்னைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி இடுப்பில் கை கொடுத்தான். "குந்து சார். தண்ணி குடி."

டீச்சர் எழுந்து வெளியே போனாள். சிட்டிபாபுவை உதறிவிட்டு ஓடினேன். மாடிப்படியில் பிடித்தேன்.

"டீச்சர், நான் சொன்னது..."

"எப்படி சார் மனசு வந்துச்சு?" அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "உங்களோட வாழ்ந்துட்டுப் போனவங்க. அவங்களப் போயி இல்லவே இல்லன்னு மைக்குல சொல்றீங்க. எனக்காகவா? கல்யாணம் பண்ணிக்கப் போறோம்னு அவங்கள அழிச்சிட்டீங்களா? நாளைக்கு நான் செத்துப்போனா, அருள்மேரின்னு ஒருத்தியே கிடையாதுன்னு படிப்பீங்க. இவங்களும் கை தட்டுவாங்க."

"இல்ல டீச்சர், நெசமாவே பிலோமினாள்னு யாரும்..."

"பேசாதீங்க." விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள். பின்னால் மாடியில் அடுத்தவர் ஏதோ கவிதை படிக்க ஆரம்பித்திருந்தார்.

வியாழக்கிழமை ஊரிலிருந்து கடிதம் வந்தது. கோயில் முத்திரை, சாமியார் கையெழுத்து. 'மேற்படி ஏசுபாதம் இக்கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர். இதுநாள் வரை திருமணம் ஆகாதவர். திருமணம் செய்துகொள்ள யாதொரு தடையும் இல்லை.' அடியில் தனியாக ஒரு வரி: 'தாமதமானாலும் மகிழ்ச்சி, தம்பி. முதல் சம்சாரம் என்று எழுதியிருக்கிறாய், எனக்கு விளங்கவில்லை.'

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளி வாசலில் போய் நின்றேன். பிள்ளைகள் எல்லாம் போன பிறகு டீச்சர் வந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்புவாள் என்று நினைத்தேன். நேராக என்னிடம் வந்தாள்.

"ஞாயித்துக்கெழமை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது சார்" என்றாள். "நாலு நாளா யோசிச்சேன். அவ்வளவு வலி இருக்கப் போய்த்தானே அப்படி எழுதினீங்க. இன்னிக்குக் காலையில அக்காவுக்கு ஒரு பூசை வெச்சேன், உங்களுக்காக மன்னிப்புக் கேட்டு. அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன். கடிதாசி வந்ததும் ஓலை வாசிக்கட்டும்."

அந்த நிமிஷம் எனக்கு ஓர் ஆசை வந்தது. பொய் சொல்வானேன், வந்தது. கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு கோயில், வேறு ஊர், ரிஜிஸ்தர் ஆபீஸ் என்று எதையாவது சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று. ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கணவனிடம் நரகத்தைப் பார்த்துவிட்டு, இனி நல்ல காலம் என்று நம்பி நிற்கிறவள். நான் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

படித்தாள். முத்திரையைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொரு தடவை படித்தாள். வாட்ச்மேன் கேட்டைப் பாதி சாத்திவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தான். அவள் என்னைத் திட்டுவாள், கன்னத்தில் ஒன்று வைப்பாள் என்று தயாராக இருந்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"அப்போ கல்லறையில அன்னிக்கு நான் யாருகிட்ட சொன்னேன்?" என்றாள்.

நான் வாட்ச்மேன் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உங்களுக்கும் ஒரு குத்தம் இருக்குன்னு நெனச்சித்தானே சார் என் குத்தத்தச் சொன்னேன். எனக்கு நெசமாவே ஒரு வீட்டுக்காரர் இருந்தாரு. நெசமாவே நான் அப்படி வேண்டிக்கிட்டேன். அவரு நெசமாவே செத்தாரு."

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் டீச்சர்" என்றேன். "அடுத்த கூட்டத்துல இந்தக் கடிதாசியையே படிச்சிக் காட்டிடறேன். என்னைக் காறித் துப்பட்டும்."

"கூடாது." முதல் தடவையாக அவள் பார்வையில் பயம் தெரிந்தது. "நீங்க சொன்னா எல்லாரும் என்கிட்டதான் வருவாங்க. ஒண்ணரை வருஷம் சேர்ந்து நடந்தியே, கல்லறைக்குப் போனியே, என்ன பேசினீங்கன்னு கேப்பாங்க. அண்ணன் கேக்கும். நான் எங்கயாவது ஒடஞ்சி சொல்லிடுவேன். நீங்க யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. எனக்கு நீங்க செய்யறதுன்னா அது ஒண்ணுதான்."

"கல்யாணம் ஏன் நின்னுச்சுன்னு கேட்டா?"

"செத்துப்போன பொண்டாட்டிய மறக்க முடியலன்னு சொல்லுங்க. அத நம்புவாங்க." கடிதத்தை நாலாக மடித்து, பையில் பிள்ளைகளின் நோட்டுகளுக்கு நடுவே செருகினாள். "இது என்கிட்டயே இருக்கட்டும். வட்டத்துக்கு வர்றத மட்டும் நிறுத்திடாதீங்க. நானும் நிறுத்த மாட்டேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வராம நின்னுட்டா ஊர் பேசும்."

அவள் சொன்னபடியே சொன்னேன். சொன்னபடியே நம்பினார்கள். ரத்தினம்கூடக் கோபப்படவில்லை, என் தோளைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனான். பியூலா என்று ஒரு நர்ஸுக்கு என்னைப் பார்க்கலாமா என்று தேவானந்தம் ஒரு தடவை பேச்செடுத்தார். "பாவம், அவரத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று மற்றவர்களே அவரை அடக்கிவிட்டார்கள்.

இப்போது 1974. வட்டத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு என்னைத்தான் முதலில் காட்டுகிறார்கள். தட்சிணாமூர்த்தி சார் என் எழுத்தையெல்லாம் சேர்த்துப் புத்தகம் போடப் போகிறார். சமர்ப்பணப் பக்கத்தை அவரே டைப் அடித்துக் கொடுத்துவிட்டார்: 'என் ஆருயிர் மனைவி பிலோமினாளுக்கு.' சொல்லிவிடலாம் என்று எத்தனையோ இரவு நினைக்கிறேன். சொன்னால் எனக்கு விடுதலை, அவளுக்குத் தண்டனை. வாயை மூடிக்கொள்கிறேன். அவளுக்கு நான் கொடுத்த ஒரே சீர் அதுதான்.

போன ஞாயிறும் படித்தேன். பிலோமினாள் கனவில் வந்தாள், எதிரில் உட்கார்ந்தாள், எவ்வளவு கேட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று எழுதியிருந்தேன். அருள்மேரி டீச்சர் வழக்கம்போல மூன்றாவது வரிசையில், ஜன்னலோரத்து மெஷினுக்குப் பின்னால் இருந்தாள். இரண்டு வருஷமாக அவள் என்னிடம் பேசுவதில்லை. பாலம் வரை இப்போது தேவானந்தத்தோடு நடக்கிறாள். நான் படித்து முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். தட்டாவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள்.